மாற்றிவிட ஓர் ஆள்

லூஷியஸ் ஹார்டெமனுக்குச் சட்டை தேய்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பொத்தான் பட்டியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் போதும், மனிதர் உள்பனியனோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். எத்தனையோ மறந்துபோயிற்று அவருக்கு. பெண்டாட்டி செத்தது மறந்துபோயிற்று, குடியிருக்கிற தெரு மறந்துபோயிற்று, சில நாள் பெற்ற மகளையே யார் வீட்டுப் பெண் இது என்று பார்ப்பார். சட்டைச் சுருக்கம் மட்டும் மறக்கவில்லை. அதனால் மகள் வெர்னிஸ் விடிந்தும் விடியாததுமாகச் சமையலறையில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் பிறந்தும் மேக்கன் ஊரில் வெக்கை தணியவில்லை. கம்பிவலைக் கதவு இருந்தும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிற பொடி ஈக்கள் அவள் மூக்கையும் கண்ணையும் சுற்றிக்கொண்டிருந்தன. உதட்டை ஓரமாகக் கோணி ஊதி ஊதி அவற்றை விரட்டியபடியே தேய்த்தாள். அந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் அந்த ஊதல் கைவந்த கலை.

அவள் அத்தை ஆஸி, லூஷியஸின் தங்கை, மேசையருகே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவிலிருந்து அதற்காகவே காலங்காலையில் வந்திருந்தாள். மொச்சை ஒரு சாக்குத்தான்.

"பகல் வீடாம், பகல் வீடு," என்றாள் ஆஸி. "பேரு மட்டும் நல்லாத்தான் வச்சிருக்காங்க. எங்கம்மா படுத்த படுக்கையா எத்தன வருஷம் கெடந்தா? எங்கயாவது அனுப்பினோமா? வெள்ளக்காரங்க செய்வாங்க அந்த வேலய. நம்ம கறுப்பு சனங்க செஞ்சதில்ல."

"அத்தை, காலையில போறாரு, சாயங்காலம் வந்துடறாரு. என்னமோ ஒரேயடியா அனுப்பிட்ட மாதிரி பேசறீங்க."

"பள்ளிக்கூடமா போறாரு, எம்பது வயசுக்கு மேல?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன். சோறு போடறாங்க, பாட்டு வைக்கறாங்க, கூட நாலு பேரு இருக்காங்க."

"நான் இல்லயா கூட? நான் பாத்துக்கலயா?"

வெர்னிஸ் சட்டையைப் புரட்டிப்போட்டுக் காலரைத் தேய்த்தாள். அத்தை பார்த்துக்கொண்ட லட்சணம் தெருவுக்கே தெரியும். கோடையில் ஒரு நாள் தொலைக்காட்சி முன்னால் அத்தை வாயைத் திறந்து தூங்கிப்போக, அண்ணன் மெதுவாகக் கதவைத் திறந்து, வெள்ளைக் களிமண் வெட்டுகிற குழிக்கு ஷிப்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அந்த வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் யாரோ புண்ணியவான் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அன்றைக்கு வெர்னிஸுக்கு உயிர் போய் வந்தது. அத்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கிழவி அழுதே செத்துப்போவாள்.

வெர்னிஸ் மட்டும் என்ன, வாலிபப் பெண்ணா? அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிறாள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அவள் சுடுகிற பன்னுக்காகவே மத்தியானம் வரை தூங்காமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. அங்கேதான் அவள் சிரிப்பாள், சத்தமாகப் பாடுவாள், கூட வேலை செய்கிற பெண்களை வம்புக்கு இழுப்பாள். வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குச் சட்டை, அப்பாவுக்குச் சோறு, அப்பாவுக்குக் குளியல். ராத்திரியில் அவர் எழுந்து டிபன் பெட்டியைத் தேடுவார், இவளும் எழுந்து, "இன்னைக்கு லீவுப்பா," என்று கூட்டிவந்து படுக்கவைப்பாள். படுத்தால் தூக்கம் வராது. போன வசந்தத்தில் மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். குளிர் அறைக்குள் போய்ப் பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு, நீங்கதான் அவருக்கு முந்தி போயிடுவீங்க போல," என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தப் பகல் வீட்டை விசாரித்தாள்.

தேய்த்த சட்டையை அப்பாவுக்குப் போட்டுவிட்டாள். அதன் மேல் சபைக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டு. டை. கண்ணாடி போல் துடைத்த ஷூ. அத்தையே மொச்சையை விட்டுவிட்டுப் பார்த்தாள். புது இடத்துக்குப் போகிற மனிதரை வீட்டுத் துணியில் அனுப்பினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? மகள் ஒழுங்காகப் பார்க்கவில்லை, கொண்டுவந்து தள்ளிவிட்டாள் என்றுதானே? ஹார்டெமன் குடும்பத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே கிடையாது. அந்தத் தெருவில் எந்த மகளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் வம்பு ஆரம்பித்தது அந்தக் கோட்டில்தான்.

பகல் வீடு முன்னே ஒரு மளிகைக் கடையாக இருந்த செங்கல் கட்டடம். அகலமான ஒரே கூடம், சுற்றிலும் மெத்தை நாற்காலிகள், கடைசியில் சாப்பாட்டு மேசைகள். நடத்துகிற பெண் ஷரோண்டா, முப்பது முப்பத்தைந்து வயது, வாய் நிறையச் சிரிப்பு. லூஷியஸைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அடேயப்பா! மாப்பிள்ள மாதிரியில்ல வந்திருக்காரு. மிஸ் வெர்னிஸ், தப்பா நெனைக்காதீங்க, இங்க எல்லாரும் லூசா, இடுப்புல எலாஸ்டிக் வச்ச துணிதான் போடுவாங்க. உக்கார எழுந்திருக்க சவுரியம்."

"எங்கப்பா எலாஸ்டிக் போட்டதில்லம்மா."

"சரி சரி. அவரு இஷ்டம்."

லூஷியஸ் கூடத்தைப் பார்த்தார். வரிசையாக நாற்காலி, நாற்காலிகளில் வயதானவர்கள், ஒரு மூலையில் பியானோ. கோட்டுப் பைக்குள் கையை விட்டு வெள்ளைக் கையுறையை எடுத்தார். அது எப்போதும் அந்தப் பையிலேயே இருக்கும், வெர்னிஸ் எடுத்துவைக்க மறந்திருந்தாள். நிதானமாக ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார். வெர்னிஸுக்குச் சிரிப்பாக வந்தது. அழாமல் கத்தாமல் இருக்கிறாரே, அதுவே பெரிது என்று வேலைக்கு ஓடினாள். அன்றைக்கு அவள் சுட்ட பன் பூப்போல உப்பி வந்தது.

மத்தியானம் போன் வந்தது.

"மிஸ் வெர்னிஸ், பயப்படாதீங்க. அப்பா நல்லாத்தான் இருக்காரு. ஆனா உக்கார மாட்டேங்கறாரு."

"எங்க நிக்கறாரு?"

"வாசக் கதவுகிட்ட. வந்ததுலேர்ந்து. சோறும் வேண்டாங்கறாரு."

"புது எடம். பழகிடும்மா."

பழகவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். கெய்ன்ஸ் என்கிற பழைய முடிவெட்டுக்காரர் ஒருவர் அங்கே வருவார். அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக மருமகள் வந்தாள். அந்த நேரம் உள்ளே ஓர் அம்மாள் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். லூஷியஸ் வெள்ளைக் கையுறைக் கையை மருமகளின் மூக்குக்கு நேராக நீட்டி நிறுத்திவிட்டார். அவள் வலப்பக்கம் போனால் இவரும் வலப்பக்கம், இடப்பக்கம் போனால் இவரும் இடப்பக்கம். ஜெபம் பண்ணுகிற அம்மாளோ லேசில் ஆமென் சொல்கிற ஆள் இல்லை. கண் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மருமகள் ஷரோண்டாவைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள்.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த வெர்னிஸை ஷரோண்டா தனியாக அழைத்தாள்.

"எனக்கு மனசே இல்ல மிஸ் வெர்னிஸ். ஆனா வாசல அடச்சுக்கிட்டு ஒருத்தர் நின்னா, நாளைக்கு ஒரு தீ கீன்னு வந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்? அவரு காலப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள உக்கார்ந்தாருன்னா சரி. இல்லன்னா நம்ம எடம் அவருக்குச் சரிப்படல."

"நான் வேலய விட வேண்டியிருக்கும்மா."

"தெரியும்," என்றாள் ஷரோண்டா. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கெட்ட பெண் இல்லை அவள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அண்ணன் கால்களை வெந்நீரில் வைத்துப் பிடித்துவிட்டாள். பிடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நான் சொன்னேனா இல்லயா? பாரு இந்தக் கால. பெத்த மக இருக்கயில ஊரான் வாசல்ல நிக்கணும்னு எங்கண்ணனுக்குத் தலையெழுத்தா?"

வெர்னிஸ் அடுப்பில் வெண்டைக்காயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை டமாரென்று வைத்தாள்.

"அத்தை, நீங்க ஒரு ராத்திரி இருங்க. ஒரே ஒரு ராத்திரி. தூங்காம இருந்துட்டு, காலையில அவரக் குளிப்பாட்டி, அவரு உங்களத் திருடின்னு சொல்றதக் கேட்டுட்டு, அப்புறம் போயி நானூறு புள்ளைங்களுக்குச் சோறு பண்ணுங்க. பண்ணிட்டு வந்து சொல்லுங்க தலையெழுத்து யாருக்குன்னு. எனக்கும் ஒடம்பு இருக்கு அத்தை! நானும் மனுஷிதான்!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அத்தையிடம் அவள் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. லூஷியஸ் மட்டும் அமைதியாக, "யாரு சத்தம் போடறது கோயில்ல?" என்றார்.

ஆஸி துண்டை எடுத்து அண்ணன் காலைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"எனக்கு முட்டி வலிக்கிது புள்ள," என்றாள் கடைசியில். "இல்லன்னா நானே பாத்துக்குவேன். அந்த ஆத்தாமையிலதான் பேசறேன். நீ சாப்ட்டியா?"

"இல்ல."

"சாப்புடு மொதல்ல. சோள ரொட்டி ஆறிப்போவுது."

வியாழக்கிழமை வெர்னிஸ் ஷரோண்டா சொன்னபடி ஓர் எலாஸ்டிக் கால்சட்டை வாங்கிவந்து மாட்டிவிட்டாள். லூஷியஸ் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தார், விட்டார், அது சடக்கென்று வயிற்றில் அடித்தது. "இது யாரு துணி?" என்று கேட்டுவிட்டுக் கழற்றிக் கட்டிலில் மடித்து வைத்தார். எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. கோட்டைத்தான் போட வேண்டியிருந்தது. கையுறையையாவது ஒளித்துவைப்போம் என்று ஒளித்தாள். அன்றைக்கு மனிதர் பகல் வீட்டில் கையுறை தேடி, கெய்ன்ஸின் சட்டைப்பை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டார். அதுவும் ஒரு ரகளை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கையுறையைத் திருப்பிக் கொடுத்தாள், போகட்டும் கடைசி நாள் என்று. பள்ளிக்கூடத்தில் அன்றைக்குக் கோழியும் பட்டாணியும். பரிமாறிக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. ஷரோண்டாவின் குரலில் சிரிப்பே இல்லை.

"வந்துடுங்க மிஸ் வெர்னிஸ். காலையிலேர்ந்து நிக்கறாரு. கால் நடுங்குது. தொட்டா ஒதறி விடறாரு. விழுந்துடுவாரோன்னு பயமா இருக்கு."

கூட இருந்த பெண்களிடம் சொல்லிவிட்டு, முடி விழாமல் கட்டுகிற தலைவலையும் ஏப்ரனுமாக அப்படியே வண்டியை எடுத்தாள். வழியில் சரக்கு ரயில் ஒன்று குறுக்கே போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு வாக்கியம் கூட முழுசாக வரவில்லை.

உள்ளே போனபோது லூஷியஸ் கதவுக்கு இடப்பக்கம் நின்றிருந்தார். நெற்றியில் வியர்வை. முழங்கால் நடுங்குவது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஒரு பையன் நாற்காலியைப் பின்னால் கொண்டுவந்து பிடித்திருந்தான். ஷரோண்டா ஒரு தட்டை நீட்டி, "ஒரு வாய் சார், ஒரே வாய்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, கூடத்தின் மறுகோடியில் யாரோ வரவேண்டும் என்பதுபோல நின்றார்.

"அப்பா, உக்காருப்பா."

கேட்கவில்லை.

வெர்னிஸின் கண் அவருடைய இடக்கையில் விழுந்தது. முதுகுக்குப் பின்னால், இடுப்பில் மடித்துவைத்திருந்தார். முஷ்டி மூடியிருந்தது. அடப் பாவமே! இத்தனை நாள் இவள் கண்ணில் இது படவே இல்லையே! சபையில் வாசல் ஊழியம் செய்கிறவர்கள் நிற்கிற நிலை அது. நாற்பது வருஷம் அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். வாசலில் நிற்கிறவர் தானாக இடத்தை விட்டு நகரக் கூடாது. பேசக் கூடாது. ஜெபம் நடக்கையில் யாரையும் வாசல் தாண்ட விடக் கூடாது. களைத்துப்போனால் முதுகில் மடித்த கையை மூடிக் காட்டுவார். அடுத்தவர் வந்து பக்கத்தில் நின்று, வலக்கையை மார்பில் வைத்து, இடக்கையை முதுகில் மடித்தால்தான் இவருக்கு விடுதலை. அதுவரை கூரை இடிந்தாலும் நிற்கவேண்டியதுதான். பாவி மனிதர் வாரம் முழுக்க மாற்றிவிட ஆள் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டி, நாற்காலி வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து விட்டது யார்? இவள்தான்.

ஏப்ரன் பையில் பரிமாறப் போடுகிற பிளாஸ்டிக் கையுறை இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டாள். அது சரசரத்தது. தலைவலையை நிமிர்த்திவிட்டு, அப்பாவுக்கு வலப்பக்கம் போய்த் தோளோடு தோள் நின்றாள். சின்ன வயதில் அவளை இதற்குப் பழக்க அவர் படாத பாடு பட்டார், இவளுக்கு அப்போது பிடிக்கவே பிடிக்காது. வலக்கையை மார்பில் வைத்தாள். இடக்கையை முதுகில் மடித்தாள்.

லூஷியஸ் மெல்லத் திரும்பினார். தலைவலையைப் பார்த்தார். குழம்புக் கறை படிந்த ஏப்ரனைப் பார்த்தார். அவருக்குத் திருப்தியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு விரலால் அவள் முழங்கையை உயர்த்தி நேராக்கினார். பிறகு தலையை ஒரு தடவை அசைத்துவிட்டு, ஓரடி பின்வாங்கி, சுவரோரமாகவே நடந்து போய்க் கெய்ன்ஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மாடி!" என்று கால்களை நீட்டினார். கூடம் முழுக்க அது கேட்டது.

"என்ன மந்திரம் போட்டீங்க?" என்றாள் ஷரோண்டா, தட்டோடு.

"அவருக்கு ஷிப்டு முடிஞ்சுதும்மா. தட்ட அங்க கொண்டு போங்க."

லூஷியஸ் தின்றார். கோழி, மொச்சை, கீரை, தொட்டுக்கொள்ள மிளகாய் ஊறிய வினிகர். கெய்ன்ஸ் தன் தட்டிலிருந்த ரொட்டியையும் அவர் பக்கம் தள்ளிவைத்தார். முந்தாநாள், நேற்றுப் பகையெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த வீட்டில் அது ஒரு வசதி.

வெர்னிஸ் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப ஓரடி எடுத்து வைத்தாள். கெட்டது கதை! லூஷியஸ் கரண்டியைக் கீழே வைத்து எழுந்திருக்கப் போனார். மறுபடி நின்றாள், மறுபடி உட்கார்ந்தார்.

"எம்மா ஷரோண்டா, என்னை இப்ப யாரு மாத்தி விடறது?"

ஷரோண்டா ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். கையை முன்னால் கோத்துக்கொண்டு, கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. லூஷியஸ் அங்கிருந்தே விரலை ஆட்டினார்.

"எங்க சபையில வாசல்ல நிக்கறவங்க கட்டிப் புடிச்சு உள்ள விடுவாங்க, அவ்வளவுதான்," என்று முனகினாள் ஷரோண்டா. "சொல்லிக் குடுங்க மிஸ் வெர்னிஸ். எந்தக் கை பின்னால?"

"இடது. முதுகோட ஒட்டி. முழங்கை வெளிய வரணும். நிமிந்து நில்லுங்க, பசிச்ச மாதிரி நிக்காதீங்க."

"இப்படியா?"

"ம். காலையில அவரு கொஞ்ச நேரம் நிக்கட்டும், அதுல ஒண்ணும் தப்பில்ல. அப்புறம் யாராவது போயி இப்படி நின்னீங்கன்னா வந்து உக்காந்துடுவாரு. கையுறை முக்கியம்."

"இந்தப் பையனுக்கும் சொல்லிக் குடுத்துடறேன். எல்லாருக்கும் சொல்லிடறேன்." ஷரோண்டாவுக்குப் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. "திங்கக்கெழம கூட்டிட்டு வந்துடுங்க. கோட்டோடயே வரட்டும்."

வெர்னிஸ் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஷரோண்டா கையுறை தேடி உள்ளே போனாள். அவள் வரும்வரை நின்றாக வேண்டும், வேறு வழி? நின்றாள். முதுகில் மடித்த கை தானாகவே மூடிக்கொண்டது. அது சைகைக்காக மூடியதில்லை. அவளுக்கு அவ்வளவு அலுப்பு.

லூஷியஸ் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். சுவரோரமாகவே நடந்து வந்து அவள் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார். வலக்கை மார்பில், இடக்கை முதுகில். வாசலில் நிற்கிறவர் பேசக் கூடாதுதான். ஆனாலும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க, சிஸ்டர்?"

மகள் என்று தெரிந்து கேட்கவில்லை அவர். அதனால் என்ன?

"ரொம்ப நாளாப்பா," என்றாள் வெர்னிஸ்.

"மாத்தி விட யாரும் வரலயா?"

"வரலப்பா."

"அது தப்பு. பெரிய தப்பு." அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "ஒரு ஆளையே நிக்க வைக்கலாமா? நான் அவங்ககிட்ட பேசறேன். நீங்க போங்க. போயி உக்காந்து சாப்புடுங்க. வாசல நான் பாத்துக்கறேன்."

வெர்னிஸ் போனாள். அவர் எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள், இன்னும் சூடு இருந்தது. பிளாஸ்டிக் கையுறையைக் கழற்றினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பையன் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். வேறு யாரோ சமைத்தது. வேறு யாரோ பரிமாறியது. ஆவி பறந்துகொண்டிருந்தது. மொச்சையை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். உப்புக் கொஞ்சம் கம்மி. அதைச் சொல்லவில்லை அவள். தட்டை வழித்து முடித்துவிட்டு நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடு தம்பி."